கான்கிரீட் காத்திருந்த நாற்பது நிமிடம்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் எஸ்தர். கமுதிக்குத் தெற்கே ஆற்றுப் பாலம் கட்டும் இடத்தில் தரக் கட்டுப்பாட்டுத் தலைமைப் பொறியாளர். சிஷ்யை பூங்கோதை, குருவைவிட இரண்டு வயது மூத்தவர். பதினான்கு வருடம் மதுரை அலுவலகத்தில் வரைபடம் போட்டுவிட்டு, முட்டி மோதி சைட்டுக்குப் பொறியாளராக வந்தவர். அதனால் குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார். சிஷ்யை குருவை ‘மேடம்’ என்பார்.

அந்தப் பாலத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தாள் வரைபடம். சிமெண்ட் கொட்டகை, கம்பிக் கொட்டகை, மேனேஜரின் ஏசி அறை எல்லாம் அதில் உண்டு. கழிப்பறை மட்டும் இல்லை. ஆண்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஆற்றங்கரை நெடுகக் கருவேலங்காடு இருந்தது.

பூங்கோதை காலையில் ஒரு காப்பியோடு சரி. மாலை ஆறு மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ராமநாதபுரத்துக் கோடை வெயிலில் மூன்று மாதம் அப்படி இருந்து, இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டாயிற்று. கழிப்பறை வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மேனேஜர் தனசேகரன் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

“எஸ்தர் மேடம் பதினோரு வருஷமா சைட்ல இருக்காங்க. ஒருநாள்கூடக் கேட்டதில்ல. உங்களுக்கு முடியலைன்னா மதுரை ஆபீஸ்ல சீட் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடுங்க.”

அந்த வெள்ளிக்கிழமை நான்காவது தூணுக்குக் கான்கிரீட். பூங்கோதை கம்பிக்கட்டை மூலைமுடுக்கு விடாமல் பார்த்து முடித்துவிட்டு, தூணடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த குருவிடம் வந்து நின்றார். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

“மேடம், பதினோரு வருஷம் நீங்க எப்பிடித் தாங்குனீங்க? அதை மட்டும் சொல்லிக் குடுங்க. நானும் தாங்கிக்கிறேன். திரும்ப அந்த ஆபீசுக்குப் போக மாட்டேன்.”

எஸ்தர் குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினார்.

“குடிங்கக்கா.”

“இப்பவா? சாயங்காலம் வரைக்கும் இருக்கணுமே மேடம்.”

“குடிங்க.”

பூங்கோதை பாதி பாட்டில் குடித்தார். தொண்டையில் இறங்கிய தண்ணீர் அவ்வளவு இதமாக இருந்ததில் அவருக்கே கோபம் வந்தது.

“அப்புறம் வரும்ல? அப்ப என்ன செய்ய?”

“வந்தாப் போங்க.”

“எங்க போக?”

“எங்க இருக்கோ அங்க.”

கழிப்பறை இருப்பது ஒரே இடத்தில். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்.

அந்த வேலையிடத்தில் ஒரு விதி உண்டு. லாரி வந்து கலவையைச் சோதித்த பிறகு, கம்பியைப் பார்த்த பொறியாளரும் தரக் கட்டுப்பாட்டுத் தலைவரும், ஆக இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் கான்கிரீட் விழும். கலவையோ அருப்புக்கோட்டையிலிருந்து வருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவிட்டால் லாரியோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

முதல் லாரி ஒன்பதரைக்கு வந்தது. குடித்த தண்ணீரும் அதே நேரத்தில் வேலையைக் காட்டியது. பூங்கோதை தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. சாலையில் ஏறி நடந்தார்.

திரும்பி வரும் வழியில் கம்பெனி ஜீப் எதிரே வந்து நின்றது.

“ஐயா ஒடனே ஏத்திட்டு வரச் சொன்னாக” என்றார் டிரைவர். “லாரி சுத்திக்கிட்டே கெடக்கு.”

“கம்பெனி வண்டி இதுக்கெல்லாம் இல்லைன்னு போன வாரந்தான் சொன்னாருண்ணே. நான் நடந்தே வாரேன்.”

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பூங்கோதை முன்னால் நடக்க, ஜீப் பின்னால் ஊர்ந்து வந்தது. வேகமாக நடந்திருக்கலாம். அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. தனசேகரன் தூணடியில் நின்று கொதித்துக்கொண்டிருந்தார்.

“இருபது ஆம்பளைங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கலவை இறுகுது. நீங்க பாட்டுக்கு ஆடி அசைஞ்சு வர்றீங்க?”

“ஒன்றரைக் கிலோமீட்டர் சார். போக ஒருக்கா, வர ஒருக்கா.”

“உங்க ஒருத்தருக்காக நான் கக்கூஸ் கட்டணுமா?”

“பதினாறு பொம்பளைச் சித்தாளுங்க இருக்காங்க சார். தினம் காலையில தலையை எண்ணித்தான வேலைக்கு விடுறீங்க.”

தனசேகரன் சட்டென்று எஸ்தர் பக்கம் திரும்பினார்.

“நீங்களாவது இவங்களுக்குச் சொல்லுங்க மேடம். பதினோரு வருஷம் நீங்க எப்படித் தாங்குனீங்க?”

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. காலையில் தான் கேட்டதும் இதே கேள்விதான். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. வெட்கமாக இருந்தது.

எஸ்தர் கையெழுத்துத் தாளைப் பூங்கோதையிடம் நீட்டினார். பூங்கோதை கம்பிக்கட்டு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனசேகரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நீங்களும் சட்டுன்னு போட்டுடுங்க மேடம். இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு. கக்கூஸ் விஷயத்தை அடுத்த மாசம் பேசிக்கலாம்.”

எஸ்தர் தாளை வாங்கினார். நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். மேசைக்கு அடியிலிருந்து மீதிப் பாட்டிலை எடுத்து, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். சைட்டில் அவர் தண்ணீர் குடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அடுத்த தூணில் கம்பி கட்டுகிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். தூரத்தில் இரண்டாவது லாரியும் வந்துகொண்டிருந்தது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, அந்தப் பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம்?”