சூட்டைச் சேர்த்து வைத்த வீடு

கூனக்காட்டுக்கு நான் விற்றது ஒரே ஒரு அடுப்பு. அதற்கு அப்புறம் டாக்டர் எனக்குப் பிரஷர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கிவிட்டார்.

கூனக்காடு கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு விளையும் சரிவு. மார்கழியில் அங்கே குடத்துத் தண்ணீரைக் குடிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் குழந்தைவேலு, வயது முப்பத்தெட்டு. நடுவன் மன்னாதன். கடைசி வேலப்பன், அவனுக்கே முப்பதாகிறது. மூன்று பேரும் நல்ல உழைப்பாளிகள், ஒருத்தர் வம்புக்கும் போகமாட்டார்கள். ஆனால் ஆண்டவன் மூளையை மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பங்காகக் கொடுத்திருந்தான். அதுவும் அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

குழந்தைவேலுவுக்கு ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் குளிரால் தட்டிப்போயிற்று. எட்டாவது இடம் தேவதானப்பட்டி. பெண் பெயர் தனபாக்கியம். அவள் அம்மா சிவனம்மாள் கறாரான ஆள். நேராகவே சொல்லிவிட்டாள்: "தை பத்தாம் தேதி நாங்க ரெண்டு பேரும் வருவோம். உங்க வீட்டுல எம் மக போர்வை இல்லாம அரை மணி நேரம் உக்கார முடிஞ்சா தட்டு மாத்திக்குவோம். முடியலைன்னா இத்தோட விட்ருவோம், தம்பி."

அதனால்தான் மூன்று பேரும் கொடைக்கானலில் இருக்கும் என் கடைக்கு வந்தார்கள். பழைய பங்களாச் சாமான் வாங்கி விற்பது என் தொழில். விறகு போட்டு வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கணப்பு ஒன்று கடையில் கிடந்தது. நாலு கால், முன்னால் கதவு, புகை போக மேலே குழாய். பன்னிரண்டாயிரம் என்றேன். மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசிவிட்டு வந்து, "பதிமூணுன்னா முடிச்சுக்குவோம்ணே" என்றார்கள்.

எட்டணாவுக்காக அரைநாள் சண்டை போட்டு வளர்ந்தவன் நான். விலையை ஏற்றிக் கேட்கிறவனை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர்கள் வழிக்கு நான் போவதா? ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசிப் பதினோராயிரத்துக்கு இறக்கினேன். அவர்கள் முகம் வாடிப்போய்ப் பணத்தைக் கொடுத்தார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தபோதுதான் யார் யாரை அடித்தது என்று எனக்கே புரிந்தது.

அடுப்பை வண்டியில் ஏற்றும்போது விவரமாகச் சொல்லி அனுப்பினேன். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முழம் இடம் இருக்க வேண்டும். காய்ந்த விறகு மட்டும்தான் போட வேண்டும், ஈர விறகு தன்னைக் காயவைத்துக்கொள்ளவே தன் சூட்டைத் தின்றுவிடும். இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, சேர்ந்த சூட்டை வீணாக வெளியே விடக்கூடாது. மூன்று பேரும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மேலே போய்ப் பார்த்தேன். வீட்டின் ஒரு பக்கச் சுவரைக் காணோம். இரண்டு முழம் தள்ளி வெளியே புதுச்சுவர் நின்றது. அவசரத்தில் எழுப்பியது, ஒரு சாண் கனம்கூட இல்லை. அடுப்பைத் தெரியாமல் சுவரோரம் இறக்கிவிட்டார்களாம்.

"அடுப்பைத் தள்ளி வைக்க வேண்டியதுதானேடா" என்றேன்.

"அடுப்பு இருநூறு கிலோண்ணே" என்றான் குழந்தைவேலு. "சுவரு வெறும் மண்ணு. லேசா இருக்கிறதத்தானே நகத்தணும்?"

நான் அந்தச் சுவரை ஒரு தடவை சுற்றி வந்தேன்.

உள்ளே போனால் மூன்று கட்டிலிலும் விறகு படுத்திருந்தது. மேலே கம்பளி போர்த்தி, பனி படாமல் ஓரத்தைச் செருகியிருந்தார்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் படுக்கை மாட்டுத்தொழுவத்தில். இவ்வளவு பார்த்தும் விறகு காயவே இல்லை, எதைத் தட்டினாலும் மொத்தென்றுதான் கேட்கிறது என்று மன்னாதன் வருத்தப்பட்டான். எங்கே, தட்டிக் காட்டு என்றேன். ஒரு கட்டையை எடுத்து வேலப்பன் தலையில் தட்டினான்.

நான் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மன்னாதன் நிதானமாக விளக்கினான். இரண்டு கட்டையைத் தட்டினால் எந்தக் கட்டை சத்தம் போட்டது என்று எப்படித் தெரியும்? அதனால் எல்லாக் கட்டைக்கும் பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டார்களாம்.

நானே இரண்டு கட்டையை எடுத்து மோதினேன். கோயில் மணி மாதிரி கேட்டது. மூவரும் வாயைப் பிளந்தார்கள். வேலப்பன் மெதுவாகத் தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப ஈரம் எங்கிட்டதானாண்ணே?" என்று கேட்டான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவன் தலையை வெயிலில் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

தை பத்தாம் தேதி என்னையும் வரச் சொன்னார்கள். பெண் வீட்டார் அடுப்பைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமாம். பத்து மணிக்கும் பனி விலகவில்லை. சிவனம்மாளும் தனபாக்கியமும் ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், காதில் துண்டு, பல் கிடுகிடுக்கப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். வாசலில் குழந்தைவேலுவும் வேலப்பனும் வெறும் சட்டையோடு நீலம் பாரித்து நின்றார்கள். குழாயில் புகை அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. கதவு மட்டும் வெளியே கயிறு போட்டுக் கட்டி, இடுக்கெல்லாம் சாணியும் மண்ணும் குழைத்து அடைத்திருந்தது.

"உள்ள கூப்பிடுடா" என்றேன் குழந்தைவேலுவிடம்.

"எப்படிண்ணே? தொறந்தா சூடு வெளிய போயிருமே. நாலு நாளாச் சேத்தது."

"அவுங்க உள்ள உக்காரத்தானேடா சூடு?"

அவன் யோசித்தான். அவன் யோசிக்கும்போது பாவமாக இருக்கும். "உள்ள போனா சூடு இருக்காது. சூடு இருக்கணும்னா உள்ள போகக் கூடாது. ரெண்டுல எது வேணும்னு அத்தைகிட்டயே கேட்ருவோம்ணே."

சிவனம்மாள் என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன்.

உள்ளே சூடு இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று அவள் கேட்டாள். மன்னாதன் இருக்கிறான் என்றார்கள். நாலு நாளாக உள்ளேயே இருந்து விறகு போடுகிறவன் அவன்தான். வெளியே விட முடியாது, அவன் உடம்பில் ஏறிய சூடும் கூடவே வந்துவிடும். விறகும் சோறும் சின்ன ஜன்னல் வழியாகப் போகிறது. ஆறின சோறு உள்ளே போனால் சூட்டில் கணக்குக் குறையும் என்று கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுக்கிறார்கள். ஜன்னல் திறந்த நேரத்துக்கு ஈடாக வேலப்பன் மூன்று தடவை வாயால் உள்ளே ஊதிவிட்டு மூடுகிறான்.

குழந்தைவேலு கதவில் வாயை வைத்து, "மன்னாதா, எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"சட்டையக் கழட்டிட்டேன்."

"அப்புறம்?"

"இனிக் கழட்ட ஒண்ணும் இல்ல. பொம்பளையாளுக வந்திருந்தா ஜன்னல் பக்கம் வரவேணாம்னு சொல்லு."

சிவனம்மாளுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டாள். குழந்தைவேலு முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த இடமும் போனால் அவனுக்கு ஒன்பதாவது இடம் கிடையாது, அடிவாரத்தில் அவன் வயசுக்குத் தோதான பெண்ணெல்லாம் தீர்ந்துபோயிற்று. மெல்ல நடந்துபோய்க் கயிற்று முடிச்சில் கை வைத்தான். ஒரு கண்ணால் அத்தையைப் பார்த்தான், ஒரு கண்ணால் கதவைப் பார்த்தான். ஒரு சுற்று அவிழ்த்தான்.

அப்போதுதான் தனபாக்கியத்தைக் காணவில்லை என்று கவனித்தோம். தேடிப்போனால் வீட்டுக்குப் பக்கவாட்டில், அந்தப் புதுச்சுவரில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஸ்வெட்டரும் மடியில் கிடந்தன. காதுத் துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க வந்து உக்காரு" என்றாள். "முதுகுக்கு அம்புட்டு இதமா இருக்கு."

சிவனம்மாள் கையை வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தாள். சாய்ந்தாள். கால் மணி நேரம் போயிற்று. பிறகு அவள் கறாராக ஒரு கேள்வி கேட்டாள்: வீட்டில் உட்கார வேண்டும் என்றுதானே பேச்சு, இது வெளிப்பக்கமல்லவா? பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்ததுபோல் எல்லோரும் கனமாக யோசித்தார்கள். வேலப்பன்தான் தீர்த்துவைத்தான்.

"சுவரு வீட்டோடதுதானே அத்தை. இந்தப் பக்கம் மட்டும் அடுத்த வீட்டுக்காரனுதா?"

அந்த ஒரு பங்கு மூளை அன்றைக்கு அவனிடம் இருந்திருக்கிறது. வெயிலில் காயவைத்ததும் காரணமாக இருக்கலாம்.

அரை மணி நேரம் முடிந்தது. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தபடியே தட்டு மாற்றினார்கள். இதுதான் சமயம் என்று குழந்தைவேலு சந்தோஷத்தில் கதவைத் திறக்க ஓடினான். சிவனம்மாள் பதறிப்போய்ச் சொன்னாள்: "தொறந்துராதீங்க மாப்ள. சுவரு ஆறிரும்."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இப்போதும் குடும்பமே அந்தச் சுவருக்கு வெளியேதான் குடியிருக்கிறது. தகரக் கூரை இறக்கி, சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். மன்னாதன் மட்டும் உள்ளே. அவனுக்கும் பெண் பார்க்கிறார்கள், வெயில் தாங்குகிற பெண்ணாக.

போன மாதம் குழந்தைவேலு கடைக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்க், மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. வீட்டில் சூடு நிறைந்துபோய் வைக்க இடமில்லையாம், மிச்சத்தை நான் வாங்கிக்கொள்வேனா என்று கேட்டான். "சாம்பிளுக்குக் கொஞ்சம் பிடிச்சுட்டு வந்திருக்கேண்ணே. தொறந்துராதீங்க, போயிரும்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பேன். ஆனால் பாழாய்ப்போன வாய், தொழில் பழக்கத்தில், "என்ன விலை?" என்று கேட்டுவிட்டது. பிளாஸ்க்கோடு நூறு என்றான். ஐம்பது என்றேன். "முப்பதுன்னா முடிச்சுக்குவோம்" என்றான். என்னிடமா? விடவில்லை. ஒரு மணி நேரம் பேசி எழுபதுக்கு ஏற்றினேன்.

பிளாஸ்க் இப்போது கல்லாவுக்குப் பின்னால் மேல்தட்டில் இருக்கிறது. போன வாரம் ஒரு டூரிஸ்ட்காரர், இதில் என்ன இருக்கிறது என்று மூடியில் கை வைத்தார்.

நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது.