ரெண்டு சாரலூரும் ஒரு வெறுங்கிண்ணமும்

ஒரு ஊர்ல ஒரு குடை ரிப்பேர்க்காரன் இருந்தான். குடை இருந்துச்சு, ஆளும் இருந்தான், மழைதான் இல்ல. சிரிக்காத, காலை ஆட்டாமப் படு. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் இல்ல, மூணு வருஷமா அந்த ஊர்ல ஒரு பொட்டு மழை இல்ல. மழை பெய்யாத ஊர்ல குடையை யாரு ரிப்பேருக்குக் குடுப்பா, நீயே சொல்லு.

அவன் பேரு சுடலைமுத்து. அவன் பொண்டாட்டி பேரு பொன்னுருவி. அவங்களுக்கு மூணு வயசுல ஒரே ஒரு பொம்பளப் புள்ள, பொம்மின்னு பேரு. கால்ல கொலுசைப் போட்டுக்கிட்டு ஜல் ஜல் ஜல்னு ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தாதான் பொன்னுருவிக்குக் கை வேலை ஓடும். சத்தம் நின்னா போதும், கரண்டியும் கையுமா எழுந்து ஓடுவா.

"ம்."

பொன்னுருவி மானம் மரியாதை பாக்குறவ. பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கிண்ணத்துல எதாவது வந்துச்சுன்னு வை, அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கவே மாட்டா. ஒரு கை சீனியாவது, நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் குடுப்பா. நம்ம வீட்லயும் அப்படித்தானே? வெறுங்கிண்ணத்தை நீட்டினா நாலு பேரு என்ன நெனப்பாங்க?

அப்புறம், சுடலைமுத்து ஒரு நாள் சொன்னான், "பொன்னு, மலையடிவாரத்துல ரெண்டு ஊரு இருக்காம். வருஷம் பூரா சாரலாம். அங்க போயிருவமா?"

"போவோங்க. ஆனா ஆடி பொறக்குறதுக்குள்ள பால் காய்ச்சிறணும்"னா அவ. ஆடியில யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டாங்கல்ல, அதுக்குத்தான். அப்போ ஆனி மாசமே முடியப் போகுது. ஒரு மூட்டையைக் கட்டி, அதுல முதல்ல கல்லுப்பை வெச்சு, புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

நடந்தாங்க, நடந்தாங்க, மலையடிவாரத்துக்கு வந்துட்டாங்க. நடுவுல ஒரு ஆறு, சலசலன்னு ஓடுது. இந்தப் பக்கம் கீழச்சாரலூர். அந்தப் பக்கம் மேலச்சாரலூர். நடுவுல ஒரு மரப்பாலம். ரெண்டு ஊரையும் பாத்தா ஒரே அச்சு. இங்கயும் நாலு தெரு, அங்கயும் நாலு தெரு. இங்க ஒரு மணிக்கூண்டு, அங்கயும் ஒரு மணிக்கூண்டு. இங்க கோயிலுக்குப் பக்கத்துல நீலக் கதவு போட்ட ஒரு வீடு காலியா இருக்கு. அங்கயும் கோயிலுக்குப் பக்கத்துல நீலக் கதவு போட்ட ஒரு வீடு காலியா இருக்கு. எதைன்னு பாப்ப?

முதல்ல கீழச்சாரலூருக்குள்ள போனாங்க. உள்ள கால வெச்சதும் ஒரு நாய் வள்வள்னு துரத்துச்சு. அடிபம்புல தண்ணி குடிக்கப் போனா, "ஏ, வரிசையில வா, நாங்கல்லாம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலியா?"னு ஒரு பொம்பள கத்துச்சு. அவ பேரு செண்பகவடிவு. நீலக் கதவு வீட்டுக்கு அடுத்த வீடு. அவ விட்டாளா? எந்த ஊரு, என்ன சோலி, ஏன் ஒரே புள்ள, மாமியா எங்க, ராத்திரி புள்ள அழுவுமான்னு நூறு கேள்வி. சுடலைமுத்துக்கு மூக்குக்கு மேல கோவம். "இந்த ஊர்ல மனுசன் இருப்பானா? வா, அடுத்ததைப் பாப்போம்"னு பாலத்துல ஏறிட்டான்.

"ம்."

முழிச்சிருக்கியா? சரி, இனிமே மெதுவாத்தான் சொல்லுவேன்.

மேலச்சாரலூருக்குள்ள கால வெச்சாங்க. ஒரு நாய் இருந்துச்சு. குலைக்கல. சும்மா பாத்துச்சு. பம்புல இருந்தவங்க எல்லாரும் ஒதுங்கி, "குடிம்மா, நீ முதல்ல குடி"ன்னாங்க. எந்த ஊருன்னு கேக்கல. பேரு கூடக் கேக்கல. எல்லாரும் சிரிச்ச முகம். சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கு, ஆனா யாரு சட்டையும் நனையல. தெருவுல அத்தனை பேரு நடக்குறாங்க, ஒரு செருப்புச் சத்தம் இல்ல. பொம்மி ஓடுற ஜல் ஜல் ஜல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்குது. எல்லாரும் நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டாங்க. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க.

பொன்னுருவிக்கு லேசா ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா சுடலைமுத்துக்கு வாயெல்லாம் பல்லு. உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ஆளுக்கு ஒரு குடையைக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. "பாத்தியா, இதுல்ல ஊரு"ன்னான். "பால் காய்ச்ச நாலு நாள் இருக்கு. இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுவோம்"னா அவ. நீலக் கதவைத் திறந்து மூட்டையை இறக்கினாங்க.

அப்புறம், அன்னிக்குச் சாயங்காலமே டொக் டொக்னு கதவு தட்டுற சத்தம். பக்கத்து வீட்டுக் கெழவி. வெள்ளைச் சீலை. கையில பித்தளைக் கிண்ணம், அது நிறையப் பாயசம். "புதுசா வந்திருக்கீங்க, சாப்பிடுங்க. கிண்ணம் அவசரமில்ல"ன்னா.

குடிச்சா, என்ன ருசி! ஆனா பசி அடங்கல. பொன்னுருவி கிண்ணத்தைக் கழுவினா. வெறுமனே குடுக்கக் கூடாதே, மூட்டையில என்ன இருக்கு? கல்லுப்புதான் இருக்கு. ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கொண்டு போய்க் குடுத்தா. கெழவி அதுல ஒரு கல்லை எடுத்து நாக்குல வெச்சா. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. "உப்பு"ன்னா. "எவ்வளவு காலமாச்சு"ன்னா.

மறுநாள் பொன்னுருவி குழம்பு வெச்சா. சுடலைமுத்து ஒரு வாய் வெச்சுட்டு த்தூன்னு துப்பினான். "என்னடி, கடல் தண்ணியவா ஊத்தின?" பொன்னுருவி ஒரு வாய் வெச்சுப் பாத்தா. ஒண்ணும் தெரியல. ஒரு கல்லுப்பை எடுத்து வாயில போட்டா. கடக்கு முடக்குன்னு மண்ணை மெல்லுற மாதிரி இருந்துச்சு. உப்பே இல்ல. சளி பிடிச்சிருக்கும்னு விட்டுட்டா, பாவம்.

அதுக்கு அடுத்த நாள், டொக் டொக். கெழவி, கிண்ணத்துல சுண்டல். "கிண்ணம் அவசரமில்ல"ன்னா. ஆனா வாசலை விட்டுப் போகல. கண்ணு கிண்ணத்து மேலயே இருக்கு. பொன்னுருவி கழுவினா. என்னத்தைப் போட? தலையில வெச்சிருந்த பிச்சிப்பூவை எடுத்து வெச்சுக் குடுத்தா. கெழவி அதை மூக்குகிட்ட கொண்டு போய், ஹ்ஹ்ஹான்னு ஒரு மூச்சு இழுத்தா பாரு. அத்தனை நீளமா ஒரு மனுசி மூச்சு இழுத்து அவ பாத்ததில்ல.

அன்னிக்குச் சோறு அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை. பொன்னுருவி அடுப்பு முன்னாடியே உக்காந்திருக்கா, அவளுக்குத் தெரியல. புருஷன் ஓடி வந்துதான் பானையை இறக்கினான். அப்போ அவளுக்குச் சந்தேகம் வந்துச்சு. பொம்மியைத் தூக்கி உச்சந்தலையில மூக்கை வெச்சா. புள்ள வாசனை இருக்குமே, எண்ணெயும் வேர்வையுமா, அது இல்ல. கல்லை மோந்த மாதிரி இருந்துச்சு. அவ அழுதுட்டா.

"ம்."

பயமா இருக்கா? கைய இப்படிக் குடு.

நாலாம் நாள், மளிகைக் கடைக்குப் போனா. அந்தக் கடைக்காரரு பெரிய மீசை, பெரிய தொந்தி. எதுக்கோ சிரிச்சாரு. கிளுகிளுன்னு சிரிச்சாரு. ஒரு வயசுக் குழந்தை சிரிக்கும் பாரு, பல்லு முளைக்காத குழந்தை, அந்தச் சிரிப்பு. அவ்வளவு பெரிய மனுசன் வாயில இருந்து வருது. பொன்னுருவி பின்னால ரெண்டு எட்டு வெச்சா. அப்பதான் அவளுக்கு இன்னொண்ணு உறைச்சுது. இந்த ஊர்ல ஒரு குழந்தை கூட இல்ல. வந்ததுல இருந்து ஒண்ணைக் கூடக் கண்ணுல பாக்கல.

விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தா. வாசல்ல கெழவி நிக்கிறா. அதுக்குள்ள கிண்ணத்துல ஆப்பம் வந்து, பொம்மி தின்னு முடிச்சு, கிண்ணம் ஓரமா கிடக்கு. "இந்தத் தடவை குழந்தை கையில குடுத்து விடு"ன்னா கெழவி. சிரிச்ச முகமாத்தான் சொன்னா. சொல்லிட்டுத் தன் வீட்டு வாசலுக்குப் போய் நின்னுக்கிட்டா.

"நானே கொண்டாறேன் ஆத்தா"ன்னு பொன்னுருவி கிண்ணத்தை எடுத்தா. எடுத்துக்கிட்டு நாலு எட்டு வெச்சா. கிண்ணத்துக்குள்ள ஜல்னு ஒரு சத்தம்.

எட்டிப் பாத்தா, பொம்மியோட கொலுசு. ரெண்டு கொலுசும் உள்ள கிடக்கு. ரெண்டு தடவை அம்மா கிண்ணத்துல எதையாவது போட்டுக் குடுக்கறதைப் பாத்துச்சுல்ல புள்ள? அதுவும் அம்மா மாதிரியே மரியாதை பண்ணிருச்சு. இந்தக் கொலுசு அந்தக் கெழவி கைக்குப் போனா என்ன ஆகும்? உப்புப் போச்சு, வாசனை போச்சு, கடைக்காரருகிட்ட எந்தப் புள்ளையோட சிரிப்போ போன மாதிரி, இப்போ புள்ளையோட ஓட்டமும் சத்தமும் போயிரும். புள்ள நடமாட்டம் இல்லாம ஒரு மூலையில உக்காந்துக்கும். கெழவி தெருத்தெருவா ஜல் ஜல்னு ஓடுவா.

கெழவி கை வந்து கிண்ணத்து விளிம்பைப் பிடிச்சிருச்சு. சில்லுன்னு இருக்கு. "குடும்மா"ன்னா.

பொன்னுருவி வெடுக்குன்னு கொலுசை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா.

"வெறுங்கிண்ணமாவா தரப்போற?"

அந்த ஒரு வார்த்தை போதும், அவ மாதிரி ஒரு பொம்பளைக்கு. முகமெல்லாம் சுட்டுச்சு. எதிர் வீட்டுக் கதவு கிரீச்னு திறந்துச்சு. அதுக்கு அடுத்த கதவு. அதுக்கும் அடுத்தது. தெருவே வாசல்ல வந்து நிக்குது. யாரும் கோவப்படல. எல்லாரும் அதே சிரிச்ச முகம். "வெறுங்கிண்ணமா"ன்னு ஒரு ஆளு. "வெறுங்கிண்ணமா"ன்னு இன்னொரு ஆளு. சாரல் விழுற மாதிரி முணுமுணுன்னு நாலு பக்கமும் அதே பேச்சு. கொஞ்சம் சர்க்கரை இருந்தாக் கூடப் போட்டுருப்பா, அப்படி ஒரு வெக்கம்.

ஆனா அவ பெத்தவ இல்லையா? கிண்ணத்தைத் தலைகீழாக் கவுத்து, கெழவி வாசப்படியில ணங்குன்னு வெச்சா. "ஆமா ஆத்தா. வெறுங்கிண்ணந்தான். எங்கிட்ட உங்களுக்குக் குடுக்க ஒண்ணுமில்ல"ன்னா.

அப்புறம் ஓட்டம்தான். புள்ளையை அள்ளி இடுப்புல போட்டா. "ஏங்க, கிளம்புங்க!" "ஏட்டி, இத்தனை குடை பாதியில கிடக்கே"ன்னான் அவன். அப்போ பாத்து மளிகைக்கடைக்காரரு அவன் பக்கத்துல வந்து குனிஞ்சு கிளுகிளுன்னு சிரிச்சாரு. சுடலைமுத்து அந்த முகத்தைப் பாத்தான், அந்தச் சிரிப்பைக் கேட்டான், ஊசி நூலைக் கூட எடுக்கல. எடுத்தான் ஓட்டம். பாலம் தடதட தடதடன்னு ஆடுது.

யாரும் துரத்தல. ஊரே கரையில வந்து நின்னுச்சு. கெழவி மட்டும் கிண்ணத்தை நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் போடாமச் சொன்னா, "அவசரமில்ல."

இந்தக் கரையில கால வெச்சதும் அந்த நாய் வந்துச்சு, வள்வள்வள்னு. சுடலைமுத்து அந்த நாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான்.

செண்பகவடிவு பம்படியில இடுப்புல கை வெச்சு நிக்கிறா. "அப்பவே சொல்லியிருப்பேன், நின்னு கேட்டாத்தானே? அந்த ஊர்ப் பக்கம் போகாதன்னு சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள உன் புருஷன் முறுக்கிக்கிட்டுப் போயிட்டான். நாளை விடிஞ்சா ஆடி. ம், ம், பாலைக் காய்ச்சு. வீட்டை நான் கூட்டி வெச்சிருக்கேன்."

அன்னிக்கே பால் காய்ச்சினாங்க. பொம்மி கால்ல கொலுசை மாட்டி விட்டா. அது கூடத்துக்கும் வாசலுக்கும் ஜல் ஜல் ஜல்னு ஒரே ஓட்டம். பொன்னுருவி அதைக் கேட்டுக்கிட்டே அழுதா, சிரிச்சா, ரெண்டும்.

ஆனா போன உப்பு திரும்பி வரலம்மா. வாசனையும் வரல. குடுத்தது குடுத்ததுதான். ஆயுசுக்கும் அவ நாக்குல உப்புத் தெரியல, மூக்குல பூ மணக்கல. பொம்மி உச்சந்தலையை மோந்து பாப்பா, ஒண்ணும் இருக்காது, அப்படியே கன்னத்தை வெச்சுக்கிட்டு இருந்துருவா.

"அய்யோ. அப்போ எப்படிச் சமைச்சா?"

அதைத்தான் சொல்ல வர்றேன். மறுநாள் அடுப்புல சோறு. சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல், "அடியே பொன்னுருவி, சோறு அடிப்பிடிக்குது, இறக்குடி! மூக்கு இருக்கா இல்லையா உனக்கு?" ஓடிப்போய் இறக்கினா. கொஞ்ச நேரத்துல செண்பகவடிவு உள்ளயே வந்துட்டா. கேக்காம கரண்டியை எடுத்து, குழம்பை உள்ளங்கையில ஊத்தி, நக்கிப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சா. "இதென்ன குழம்பா? உப்பே இல்ல. தள்ளு"ன்னு அவளே அள்ளிப் போட்டா. அன்னில இருந்து தினமும் வருவா. தினமும் திட்டுவா. பொன்னுருவியும் தினமும் கதவைத் திறந்தே வெச்சிருப்பா.

சாரல் பலமா அடிக்கிற அன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் பாத்தா, நீலக் கதவு தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைச் சீலை, ஒரு கை நீட்டிக்கிட்டு. பொன்னுருவி பாக்க மாட்டா. உள்ள திரும்பி, "அக்கா, உப்புப் பாக்க வரலியா?"ன்னு கூப்பிடுவா. "வர்றேன்டி, எனக்கு வேற வேலையில்ல பாரு"ன்னு சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

ம் சொல்லு.

சொல்லலியா? சரி. பால் பொங்குச்சு, பாலம் அடங்குச்சு, கதை படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.