ராஜா கூண்டுக்குப் போகாத கதை

ஆலை முதலாளி தெய்வநாயகம் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினார். நாய் ராஜாவும் போக வேண்டும். அங்கே இறங்கியதும் நோய் இருக்கிறதா என்று பார்க்க நாயைப் பல நாள் தனிக்கூண்டில் அடைப்பார்கள் என்று கேட்டுக் கொதித்தார்.

“நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை. ஒரு நாள்கூடக் கூண்டுல இருக்கக் கூடாது. ஏற்பாடு பண்ணு, இல்லேன்னா உனக்கு வேலை இல்லை” என்றார் தோட்டக்காரன் சுடலையிடம்.

உண்மையில் சோறு வைத்தவன் சுடலை. ராஜாவைப் பிரிய அவனுக்கு மனமில்லை.

“ஆகட்டும் முதலாளி. முதல்ல நோய் இல்லேன்னு காட்ட ராஜாவுக்கு ரத்தம் எடுக்கணும். டாக்டர் ஊசி குத்தும்போது வளர்த்தவங்கதான் அது வாயைப் பிடிச்சுக்கணும்.”

கால்நடை டாக்டர் வந்து ஊசியை எடுத்ததும் முதலாளி கை நீட்டினார். ராஜா பல்லைக் காட்டியது. அவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். சுடலை பிடித்ததும் அது வாலாட்டியது.

“யாருங்க வளர்த்தது?” என்றார் டாக்டர்.

“இவன்தான்” என்றார் முதலாளி, நாற்காலிமேல் நின்றபடி.

“அப்போ என்கூடவே இருக்கட்டும் முதலாளி. ஒரு நாள்கூடக் கூண்டு இல்லை. நீங்க கேட்ட ஏற்பாடுதான்” என்றான் சுடலை.