இருநூற்றோராவது கால்

"மேடம், கணக்கு தப்பு. நாம நிறுத்த வேண்டியதில்ல."

கோதண்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்தாறு வயசு ஆள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து நிற்கிறார். மூச்சு வாங்குகிறது, வாயெல்லாம் பல்.

ஹெப்சிபாவுக்கு முப்பத்திரண்டு. மருந்துச் சோதனைக்குக் கணக்குப் போடுவதில் கோதண்டத்துக்குக் குரு இவர்தான்.

"எந்தக் கணக்கு சார்?"

"சர்க்கரைப் புண் மருந்துக்குப் போட்டது."

நானூறு பேரை வைத்துச் சோதிக்கிற மருந்து அது. முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, எந்த இடத்தில் நிறுத்துவது என்று கோடு போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது. இருநூறு பேர் முடிந்ததும் பார்க்க வேண்டும். மருந்து ஜெயிக்கிற வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோட்டைக் கணக்கிட்டுக் கொடுத்ததே கோதண்டம்தான்.

நேற்று எட்டு என்று வந்தது. மனுஷன் சாப்பிடவே இல்லை. அவர் அம்மாவின் கால் போனது இதே புண்ணில்தான். அதனால்தான் நடத்திவந்த மருந்துக்கடையை விட்டுவிட்டு இந்தக் கணக்குக்கே வந்தார்.

"இன்னிக்கு எவ்வளவு வருது?"

"முப்பத்தொண்ணு."

"அட. நேத்தைக்கு அப்புறம் யாருக்காவது புண் ஆறுச்சா?"

"அதெல்லாம் இல்ல. இதுவரைக்கும் வந்தவங்களுக்கு மருந்து கேக்கல, வாஸ்தவம்தான். இனிமே வர்ற இருநூறு பேருக்கு நாம முதல்ல நம்பின மாதிரியே கேக்கும்னு வச்சுப் போட்டேன். அப்படியும் போடலாமே, மேடம்."

"போடலாம். கோடு போட்ட அன்னிக்கே அப்படி எழுதியிருந்தா."



ஹெப்சிபா வலது செருப்பைக் கழற்றினார். எதிர் நாற்காலியை இழுத்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார். சோதனையில் சேர்கிறவர்கள் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தை மேஜையிலிருந்து எடுத்துக் கோதண்டம் கையில் கொடுத்தார்.

"நான்தான் இருநூத்தியோராவது ஆள். புண்ணோட வந்திருக்கேன். கையெழுத்து வாங்குங்க."

கோதண்டம் சிரித்தார். ஹெப்சிபா சிரிக்கவில்லை.

"இந்த மருந்து... உங்களுக்குப் பலன் தரலாம்," என்று கோதண்டம் படிவத்தை வாசித்தார்.

"ஆறிடுமா தம்பி? கால் தங்குமா?" என்று நோயாளி மாதிரியே கேட்டார் ஹெப்சிபா.

கோதண்டம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் இப்படித்தான் காலை நீட்டிக்கொண்டு, இதே கேள்வியைக் கேட்டாள்.

"எட்டு," என்றார் மெதுவாக. "நூத்துக்கு எட்டுதான்."

"வேற மருந்து ஏதும் இருக்கா தம்பி?"

"இருக்கும்மா. புதுசு ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு. ஆனா இது முடிஞ்சாதான் இங்க அதைத் தொட முடியும். இதை ஓட்டினா இன்னும் ரெண்டு வருஷம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகமெல்லாம் மாறிவிட்டது. காலையில் போட்ட கணக்கைக் கசக்கிக் குப்பையில் போட்டார். சோதனையை மேற்பார்க்கிற குழுவுக்குப் போக வேண்டிய தாளை இழுத்து, 'நிறுத்தவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, வாசலுக்கு ஓடினார்.

ஹெப்சிபா காலை இறக்கப் போனார்.

"எடுக்காதீங்க மேடம், அப்படியே இருங்க. அந்தப் புது மருந்தோட படிவத்தை எடுத்துட்டு வந்துடறேன்."