சூடு தூக்குற கூலி

ஒரு ஊர்ல ஒரு தகரக் கூரை இருந்துச்சாம். ராசா இல்ல, ராணி இல்ல, தகரக் கூரைதான். ராசா கதை வேணும்னா வேற ஆளைப் பாரு கண்ணு, என்கிட்ட கெடையாது. "ம்" கொட்டு.

"ம்."

மலை மேல தேயிலை எஸ்டேட்டு. அங்க பன்னெண்டு வீடு, ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி நிக்கும். அதுக்குப் பேரு லைன். பன்னெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே தகரக் கூரை. வெள்ளைக்காரன் போட்டது. அவன் போயிட்டான், தகரம் போகல.

அந்தத் தகரத்துக்கு ஒரு புத்தி. பகல்ல வெயில் ஏறுனா டங்கு டங்குன்னு வெடிக்கிற மாதிரி சத்தம் போட்டு, அம்புட்டு சூட்டையும் உள்ள எறக்கிரும். வீடு அடுப்பாயிரும். பொழுது சாஞ்சா, உள்ள இருக்குற சூட்டையெல்லாம் வானத்துக்குத் தூக்கிக் குடுத்துரும். அப்போ வீடு ஐஸ் பெட்டி. சனங்க பகல்ல வேர்த்து ராவுல வெறைக்கும். நூறு வருசமா இப்படித்தான். கேட்டா, "உங்களுக்குப் பழகிப் போச்சுல்ல?"ன்னு மேனேஜர் சொல்லுவாரு. பழகுறது மனுசனுக்குத்தான், அவரு பங்களாவுக்கு இல்ல.

"அந்த வீட்ல யாரு இருந்தா?"

ஏழாம் நம்பர் வீட்ல பூவாயின்னு ஒருத்தி. கொழுந்து எடுக்குறவ. அவளுக்கு தை மாசம், உறைபனி விழுற நேரத்துல, பொம்பளப் புள்ள பொறந்துச்சு. எட்டாம் மாசமே பொறந்துருச்சு. கோழிக்குஞ்சு மாதிரி இருந்துச்சாம், சத்தம்கூட "கீ... கீ..."ன்னு. அவ புருசனுக்கு ஃபேக்டரியில ராத்திரி வேலை. ஆறாம் நம்பர் வீட்டு ராகேல் அக்காதான் கூடத் துணை. அந்தம்மா வாயைத் தொறந்தா லைன் முழுக்கக் கேக்கும்.

ஆஸ்பத்திரியில வெச்சிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா ஒண்ணு சொன்னாங்க. "பூவாயி, இந்தப் புள்ளைக்குத் தன் ஒடம்பைத் தானே சூடா வெச்சுக்கத் தெரியாது. நெஞ்சோட அணைச்சே வெச்சுக்க. அறை கதகதன்னு ஒரே மாதிரி இருக்கணும். கொதிக்கவும் கூடாது, சில்லுன்னும் ஆகக் கூடாது. இன்னும் இருவது நாளு. இருவது நாளு தாண்டிட்டா பொழச்சுக்கும்."

பூவாயிக்கு இது மூணாவது புள்ள. மொத ரெண்டும் தை மாசத்தைத் தாண்டல. அவ அழுகல. "இருவது நாளுதானே, தாண்டுவோம்"னு சொல்லிட்டு வந்துட்டா.

அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கலாம்னா, பொகையில புள்ளைக்கு மூச்சு முட்டும். அப்போ அவ தம்பி ஜெயசீலன் வந்தான். கோயம்புத்தூர்ல ஏசி ரிப்பேர் பாக்குறவன். ஒரு ஜீப்புல நாலு சோலார் தட்டு, ஒரு பேட்டரி, ரெண்டு பெட்டி, செம்புக் குழாய் எல்லாம் ஏத்திக்கிட்டு "பாம் பாம்"னு வந்து நின்னான். எல்லாம் ஒரு ஓட்டல்ல கழிச்சுப் போட்டது, அவன் சரி பண்ணி வெச்சிருந்தான்.

ராகேல் அக்கா பாத்துச்சு. "என்னடா இது, கொட்டாங்கச்சியும் குழாயுமா?"

"கூலிக்காரன்க்கா. சூடு தூக்குற கூலிக்காரன். ஒரு பெட்டி வெளிய இருக்கும், ஒண்ணு உள்ள இருக்கும். நடுவுல குழாய்க்குள்ள ஒரு வாயு ஓடிக்கிட்டே இருக்கும். பகல்ல உள்ள இருக்குற சூட்டை மூட்டை கட்டி வெளிய கொண்டுபோய்க் கொட்டும். ராவுல ரூட்டை மாத்தி, வெளிய இருக்குற சூட்டை உள்ள கொண்டாந்து கொட்டும்."

"ராவுல வெளிய ஏதுடா சூடு? நீ கீழ போனதுல கிறுக்கு புடிச்சுருச்சா?"

"அக்கா, ஒரு செடியில எத்தனை கொழுந்து கிள்ளுவ?"

"கைப்பிடி தேறாது."

"சாயங்காலம் மூட்டை எப்படி நெறையுது?"

"செடி செடியாப் பொறுக்குனா நெறையாதா?"

"இதுவும் அப்படித்தான். குளிர்காத்துலயும் துளித்துளியா சூடு இருக்கு. வெளிப்பெட்டியில ஓடுற வாயு, காத்தைவிடச் சில்லுன்னு இருக்கும். அதனால காத்துல இருக்குற சூடு அதுல ஏறிக்கும். அப்புறம் அதைப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனா சுடச்சுட ஆயிரும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடி சுடும்ல? அந்த மாதிரி. இது சூட்டை உண்டாக்கல. பொறுக்கித் தூக்கிட்டு வருது, அவ்வளவுதான்."

"அதுக்குச் சோறு யாரு போடுவா தாத்தா?"

அப்படிக் கேளு. அதுக்கு மூணு வழியில சோறு. பகல்ல வெயில் சோறு, தட்டுல விழுந்து கரண்டாயிரும். தின்னது போக மிச்சம் பேட்டரியில போய் உக்காந்துக்கும், அது ராத்திரிச் சோறு. அதுவும் தீந்துட்டா கம்பத்துல வர்ற கரண்டு. ஒண்ணு இல்லன்னா ஒண்ணு. உழைக்கிறவனுக்கு மூணு வேளைச் சோத்துக்கு வழி பண்ணிட்டுத்தான் வேலைக்குக் கூப்புட்டான் ஜெயசீலன். மனுசனுக்கு யாரும் அப்படிப் பண்ணல, அது வேற கதை.

அப்புறம் மொத மோதல் வந்துச்சு. தட்டை எங்க வெக்கிறது? கூரை மேல ஏறப் போனா, மேனேஜர் வந்துட்டாரு. தொரைன்னுதான் கூப்புடுவாங்க இன்னமும்.

"கூரை கம்பெனியோடது. ஒரு ஆணி அடிக்கக் கூடாது."

ராகேல் அக்கா இடுப்புல கை வெச்சுச்சு. "சரிங்க தொரை. வெயில் யாரோடதுங்க?"

"என்னது?"

"இல்ல, அதுவும் கம்பெனி லிஸ்டுல இருக்கான்னு கேட்டேன்."

லைன் பொம்பளைங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. தொரைக்கு மூஞ்சி செவந்துருச்சு. "தரையும் கம்பெனியோடதுதான். எங்கயும் வெக்கக் கூடாது!"

அப்போ வீட்டுக்குள்ள இருந்து பூவாயி கொரல் குடுத்தா. "அக்கா, துணி காயப்போடுற முத்தம் நம்மளது. ஒப்பந்தத்துல எழுதியிருக்கு."

எழுதியிருக்குடா கண்ணு! நாப்பது வருசத்துக்கு முன்னாடி சங்கம் பதினோரு நாளு வேலைநிறுத்தம் பண்ணி வாங்குன வரி அது. எல்லாம் கேட்டாங்க, கூலி கேட்டாங்க, கூரை கேட்டாங்க. கெடச்சது துணி காயப்போட ஒரு முத்தம். "இதுக்காடா கொடி புடிச்சீங்க?"ன்னு ஊரே சிரிச்சுது. அடி வாங்குனவனுக்குத்தான் தெரியும், வாங்குன ஒரு வரியை விட்டுறக் கூடாதுன்னு. அந்தக் காயிதத்தை ராகேல் அக்கா தகரப் பெட்டியில இருந்து எடுத்தாந்து தொரை மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. அவரு படிச்சாரு. திருப்பிப் படிச்சாரு. போயிட்டாரு. முத்தத்துல மூங்கில் கட்டி, தெக்கப் பாத்து நாலு தட்டும் நின்னுச்சு. குழாய், பொகைபோக்கி ஓட்டை வழியா உள்ள போச்சு. உள்பெட்டியை ஒரு மேசை மேல ஏத்தி வெச்சாங்க. ஒரு ஆணி அடிக்கல.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் ரெண்டாவது மோதல். மத்தியானம் மெசினைப் போட்டாங்க. "கிர்ர்ர்..." நல்லா ஓடுது. ஆனா அறை அப்படியே கொதிக்குது. ஜெயசீலன் அண்ணாந்து பாத்தான். சுவத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல முழங்கை போற சந்து. நாலு தலைமுறையா அடுப்புப் பொகை போறதுக்கு விட்டது. மெசின் சூட்டைத் தூக்கி வெளிய கொட்டக் கொட்ட, அது சந்து வழியா திரும்ப உள்ள வருது. மேல தகரம் வேற பழுத்துக் கெடக்கு.

"இந்தக் கூலிக்காரன் செத்தாலும் முடியாதுக்கா. சந்தை அடைக்கணும். தகரத்துக்குக் கீழ கனமா ஏதாச்சும் மெத்தை மாதிரி வேணும்."

அடுப்பைப் பூவாயி வீட்ல இருந்து தூக்கிட்டாங்க. அவளுக்குச் சோறு ராகேல் அக்கா வீட்ல. சந்துக்குச் சேறும் சாக்கும். மெத்தைக்கு எங்க போறது? சங்க ஆபீசுல மூட்டை மூட்டையா பழைய நோட்டீஸ் கெடந்துச்சு. போராட்டம், மாநாடு, கண்டனம், எல்லாம் அடிச்சு, பாதி விநியோகம் ஆகாம, கரையான் தின்னாதது மட்டும் மிச்சம். அதைக் கொண்டாந்து, கட்டுக் கட்டா சாக்குல தெச்சு, மூங்கில் தட்டி மேல பரப்பி, உத்தரத்துல கயித்தால தொங்க விட்டாங்க. முப்பது வருச கோரிக்கை தலைக்கு மேல. படிக்கச் சொன்னப்போ ஒருத்தன் படிக்கல. ஆனா சூட்டை நிறுத்துச்சு பாரு, அன்னைக்கு!

ஜன்னல் மட்டும் காத்து வர ஒரு விரக்கடை தொறந்து வெச்சாங்க. சாயங்காலத்துக்குள்ள அறை ஆத்தங்கரை நெழல் மாதிரி ஆயிருச்சு. ராவானதும் மெசின் ரூட்டை மாத்துச்சு, கதகதன்னு காத்து வந்துச்சு. புள்ள மொத தடவையா "கீ"ங்கறதை விட்டுட்டு "ஙே"ன்னு அழுதுச்சு. பூவாயி சிரிச்சா.

இப்படிப் பத்து நாளு, பதினஞ்சு நாளு. பதினெட்டாம் நாளு வந்துச்சு பாரு, மூணாவது. அதுதான் பெருசு.

"தொரை வந்தாரா?"

தொரை இல்ல. உறைபனி. அந்த வருசத்துலயே பெரிய பனி. புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி வெள்ளை வெளேர்னு. ஜெயசீலன் கோயம்புத்தூர்ல இருக்கான். பூவாயி புள்ளையை நெஞ்சுல போட்டுக்கிட்டு படுத்திருக்கா. மெசின் "கிர்ர்ர்"ன்னு ஓடுது. விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கும்போது, கதகதப்பு கொறையுது. கொஞ்சம் கொஞ்சமா... அப்புறம் சில்லுன்னு ஆயிருச்சு. பூவாயி பொறங்கையால புள்ள பாதத்தைத் தொட்டுப் பாத்தா. சில்லுன்னு இருக்கு.

"அக்கா!"ன்னு சுவத்தைத் தட்டுனா. ராகேல் அக்கா ஓடி வந்துச்சு. தம்பிக்குப் போன் போட்டாங்க.

"கரண்டு இருக்கா?"ன்னான் ஜெயசீலன்.

"பச்சை லைட்டு எரியுதுடா."

"வெளிப்பெட்டி சத்தம் போடுதா?"

"மூச்சு முட்டுற மாதிரி மொனகுது."

"எதாச்சும் போட்டு மூடியிருக்கா?"

ராகேல் அக்காதான் மெதுவா சொல்லுச்சு. "மூடலடா. போத்தித்தான் விட்டேன். என் கம்பளியை. பனியில வாயில்லா ஜீவனா நிக்குதேன்னு..."

பனிக்காலத்துல நாத்தை மூடி வெப்பாங்க, மாட்டுக்குச் சாக்கு கட்டுவாங்க. எதைக் கண்டாலும் போத்தி விடுறது அந்த மலைச் சனத்தோட பழக்கம்.

"ஐயோ அக்கா! அது காத்துல இருந்துதான்க்கா சூட்டைப் பொறுக்கும்! கையைக் கட்டிப் போட்டா நீ கொழுந்து எடுப்பியா?"

ராகேல் அக்கா செருப்புகூட போடாம ஓடிப்போய் கம்பளியை உருவுச்சு. அடியில வெளிப்பெட்டி முழுக்க வெள்ளையா ஐஸ் கட்டிக் கெடக்கு. "சுடுதண்ணி ஊத்தவாடா?"

"ஊத்தாத, குத்தாத, கை வெக்காத! அது தானே உதறிக்கும். கொஞ்ச நேரம் உள்ள இருக்குற சூட்டைத் தனக்கு எடுத்துக்கும். அதுவரைக்கும் புள்ளையைக் கெட்டியா அணைச்சுக்கங்க."

அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே கண்ணு, அது நூறு வருசம். காத்து நின்னுபோச்சு. பூவாயி புள்ளையை நெஞ்சோட நெஞ்சா வெச்சுக்கிட்டா. ராகேல் அக்கா அவ முதுகைக் கட்டிக்கிச்சு. அஞ்சாம் நம்பர் வீட்டுக்காரி வந்தா, எட்டாம் நம்பர் வந்தா, சுத்தி உக்காந்துக்கிட்டாங்க. பூவாயி ஒரே பேச்சுதான் சொன்னா. "இவளை விடமாட்டேன்." வேற ஒண்ணும் சொல்லல, சாமியைக் கூடக் கூப்புடல.

வெளிய "உஸ்ஸ்ஸ்"... ஆவி பறக்குது. "சொட்டு... சொட்டு... சளசளசள"ன்னு ஐஸ் கரைஞ்சு ஊத்துது. அப்புறம் "டக்". அப்புறம் "கிர்ர்ர்". உள்ள மொதல்ல சில்லுன்னு, அப்புறம் வெதுவெதுன்னு, அப்புறம் கதகதன்னு காத்து. பூவாயி பொறங்கையைப் பாதத்துல வெச்சு, எடுக்கவே இல்ல. வெளிச்சம் வர்ற நேரத்துக்கு அந்தப் பாதம் சுட்ட அப்பம் மாதிரி இருந்துச்சு.

"நாப்பது வருசம் கொழுந்து எடுத்தவ, எனக்கு இது தெரியல பாரு"ன்னு ராகேல் அக்கா தலையில அடிச்சுக்கிச்சு.

"பொழச்சுச்சா?"

பொழச்சுச்சு. இருவத்தோராம் நாளு நர்ஸம்மா வந்து தூக்கிப் பாத்துட்டு, "இனிமே இவ உங்களைத் தூங்க விடமாட்டா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அதுக்கு அடுத்த நாளு யாரு வந்தா தெரியுமா? தொரை. கையில கேமரா. பல்லெல்லாம் தெரியுது. "பூவாயி, புள்ளையோட மெசின் பக்கத்துல நில்லும்மா. எங்க எஸ்டேட்ல தொழிலாளி வீட்டுக்குச் சோலார் வசதின்னு கம்பெனி புத்தகத்துல போடணும்."

பூவாயி புள்ளையை எடுத்துக்கிட்டு வெளிய வந்தா. மெசினுக்கு முன்னாடி நின்னா. ஆனா அது தெரியாத மாதிரி மறைச்சுக்கிட்டு நின்னா. ராகேல் அக்கா வந்து நின்னுச்சு. அஞ்சாம் நம்பர், எட்டாம் நம்பர், அப்புறம் பன்னெண்டு வீட்டுப் பொம்பளைங்களும்.

"எடுங்க தொரை, போட்டோ எடுங்க"ன்னா பூவாயி. "பன்னெண்டு வீட்டுக்கும் நல்ல கூரையும் இந்தக் கூலிக்காரனையும் குடுத்துட்டு எடுங்க. அதுவரைக்கும் இது நாங்க பண்ணது."

தொரை கேமராவை மூடிக்கிட்டுப் போனாரு. அவங்க விடல. காலைல பேரு கூப்புட்டு வேலை பிரிக்கிற பெரட்டுல கேட்டாங்க, ஆபீஸ் வாசல்ல கேட்டாங்க, திருப்பித் திருப்பிக் கேட்டாங்க.

அந்தப் புள்ளைக்கு இப்போ ஏழு வயசு. மரத்துல ஏறுறா, எறங்கச் சொன்னா எறங்க மாட்டேங்குறா. நாலு வீட்டுக்குக் கூரை மாறியிருக்கு, மெசின் வந்திருக்கு. இன்னும் எட்டு வீடு பாக்கி.

"போட்டோ?"

இன்னும் எடுக்க விடல.

கதை ஓஞ்சுது, கண்ணு சாஞ்சுது. தூங்கு.