மல்லிகைக்கு ஊற்றிய பச்சைத் தண்ணீர்

வேம்பி என்ற முள்ளம்பன்றி கரட்டுமேல் ஒரு வளையில் குடியிருந்தாள். வாசலில் ஓட்டைப் பானை ஒன்றில் மல்லிகை வைத்திருந்தாள். மேலே சங்குப்பூக்கொடி படர்ந்திருந்தது. எந்த அடைமழைக்கும் அந்த வளைக்குள் ஒரு சொட்டு இறங்காது. அதனால்தான் சிட்டாண்டி என்ற நரிக்கு அதன்மேல் கண்.

ஒருநாள் கொட்டாங்குச்சியில் தண்ணீரோடு வந்து நின்றான்.

"தங்கச்சி, நீ எதுக்கு ஓடை வரைக்கும் நடக்கிறே? செடிக்கு நான் கொண்டாந்து ஊத்துறேன். தேனாட்டம் தண்ணி. நானே இதைத்தான் குடிக்கிறேன்."

வேம்பிக்கு மனசு குளிர்ந்துபோனது. நரியும் தினம் ஊற்றினான். இருபது நாளில் இலையெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மொட்டு கருகியது.

"சொன்னா வருத்தப்படுவே," என்றான் நரி. "இது இடத்துக் கோளாறு. இன்னைக்குச் செடி, நாளைக்கு நீ. மழைக்கு முன்னாடி காலி பண்ணிடு. வளையை நான் பாத்துக்கறேன்."

வேம்பி கலங்கிப்போய்க் கிழங்குகளை மூட்டை கட்டினாள். அப்போதுதான் மீதித் தண்ணீர் கிடந்த கொட்டாங்குச்சி கண்ணில் பட்டது. உதிர்ந்த சங்குப்பூ அதில் ஊறிக் கிடந்தது. தண்ணீரோ பச்சை. பக்கத்துப் பாறைக்குழியில் கோடைமழைத் தண்ணீர். அதிலும் அதே பூதான். அந்தத் தண்ணீர் நல்ல நீலம்.

பானை விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நக்கிப் பார்த்தாள். நாக்கு சுரீரென்றது. சுண்ணாம்பு! அதுதான் பூவின் நீலத்தைப் பச்சையாக்கியிருக்கிறது. அந்தக் காட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் கிடைப்பது முன்பு சுண்ணாம்பு சுட்ட பழைய காளவாய்க் குட்டையில் மட்டும்தான்.

"பத்து நாள் பொறுங்க அண்ணே," என்று நரியிடம் சொல்லிவைத்தாள். அவன் தந்த தண்ணீரை ஓரமாக எடுத்து வைத்தாள். சுண்ணாம்பை முறிக்க மழைத்தண்ணீரில் துளிப் புளியைக் கரைத்துச் செடிக்கு விட்டாள். புளியை மொத்தமாகக் கொட்டினால் வேர் வெந்துவிடுமே! தினம் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பூ ஊறிய நீலத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். முதலில் பச்சையாகத்தான் மாறியது. நீலம் நீலமாகவே நின்ற அன்றைக்குப் புளியை நிறுத்தினாள். மல்லிகையில் பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது.

பத்தாம் நாள் நரி வந்தான். வேம்பி விஷயத்தைச் சொல்லி வரவழைத்த குரங்குகள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தன.

"நான் போறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிங்க அண்ணே," என்று கொட்டாங்குச்சியை நீட்டினாள். உள்ளே பச்சையாகத் தளும்பியது.

"இப்பத்தான் குடிச்சேன் தங்கச்சி."

"நீங்க கொண்டாந்த தண்ணிதான். பூ மட்டும் நான் போட்டேன்."

"தினம் குடிக்கிறதுதானே, குடிப்பா!" என்றது கிழக்குரங்கு.

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? ஒரு வாய் குடித்தான். வாய் வெந்துபோய், நாக்கு தொங்க, ஓடையைப் பார்த்து ஓட்டம் பிடித்தான்.

"என்ன அண்ணே, அதுவும் இடத்துக் கோளாறா?" என்று வேம்பி குரல் கொடுத்தாள். குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன.

மறுவாரம் மழை பிடித்தது. வேம்பி தன் வளைக்குள் காலை நீட்டிப் படுத்துக் கிழங்கு கடித்தாள்.

உபகாரம் என்று ஒருவன் ஊற்றும்போது அவன் சிரித்த முகத்தைப் பார்த்தால் போதாது, ஊற்றுகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும்.