த்ரீ பேஸ் ஏரோப்ளேன்

ஒண்டிப்புதூர்ல பொங்கியண்ணனும் திருமூர்த்தியும் கூட்டா ஒர்க் ஷாப் வெச்சிருந்தாங்க. கூட்டுன்னா, கை பூராவும் திருமூர்த்தி, வாய் பூராவும் பொங்கியண்ணன். வண்டி வந்தா, அதுல என்ன கோளாறுன்னு திருமூர்த்தி சொல்லுவான். அது எந்த ஜமீன்தார் ஓட்டின வண்டின்னு பொங்கியண்ணன் சொல்லுவான். பொங்கியண்ணனோட தங்கச்சியைத்தான் திருமூர்த்தி கட்டியிருந்தான். அதனால வாயை மூடு மச்சான்னு சொல்ல வழியில்ல. திருமூர்த்தி பொய் சொல்ல மாட்டான்னு ஒண்டிப்புதூருக்கே தெரியும். பெரிய கொள்கையெல்லாம் இல்ல. வீட்டுல அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்துச்சு.

அன்னிக்கு வெள்ளிக்கெழமை, காலையில ஒம்பதே முக்கால். மில் மொதலாளி ரத்தினசபாபதியோட காரு கேட்டுக்குள்ள நொழையறப்ப, ரெண்டாம் உலகச் சண்டைக்கால மிலிட்டரி ஜீப்போட கார்பரேட்டர் இருபத்திமூணு துண்டாப் பழைய பேப்பர் மேல கெடந்துச்சு.

மொதலாளிக்கு சண்டைக்காலத்து வண்டின்னா உசுரு. அவங்கப்பா ஏலத்துல எடுத்த போர் விமானம் ஒண்ணு, மில்லு குடோன்ல பஞ்சுப் பொதிக்கு நடுவுல கெடக்குது. எஞ்சின் இல்ல, ஒரு றெக்கை இல்ல, மூக்குக்குள்ள புறாக் கூடு. மில்லோட எழுவத்தஞ்சாவது வருச விழாவுக்கு அதைச் சீர் பண்ணி வாசல்ல நிக்க வெக்கோணும்னு அவருக்கு ஆசை. யார் கையில குடுக்கறதுன்னு பாக்கத்தான் இந்த ஜீப்பை மூணு மாசத்துக்கு முந்தி இங்க தாட்டி விட்டிருந்தாரு.

"வெள்ளிக்கெழமை ராகுகாலத்துக்கு முன்னால ஜீப்புச் சத்தம் என் காதுல விழோணும். விழுந்தா ஏரோப்ளேன் உங்களுக்கு. இல்லைன்னா மத்தியானம் பெங்களூர்க் கம்பெனிக்காரங்க வர்றாங்க, எழுதிக் குடுத்தர்றேன்" அப்படீன்னு கண்டிசனாச் சொல்லியிருந்தாரு. ராகுகாலம் பத்தரைக்கு.

அந்த ஏரோப்ளேனைப் பாக்க திருமூர்த்தி நாலு தடவை குடோனுக்குப் போயிருக்கான். நாலாவது தடவை, யாரும் பாக்காதப்ப, அதோட மூக்குல இருந்த புறா எச்சத்தைத் தன்னோட கைக்குட்டையால தொடைச்சு விட்டுட்டு வந்தான். பொஞ்சாதிகிட்டக்கூட அதைச் சொல்லல. இருபது வருசமா கிரைண்டரும் பம்புசெட்டும் பாத்த கை. ஒரே ஒரு ஏரோப்ளேன், அது போதும்னு இருந்தான்.

முந்தாநேத்து வரைக்கும் ஜீப்பு ஜம்முனு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நேத்து சாயங்காலம் திருமூர்த்தி போல்ட்டு வாங்க டவுனுக்குப் போன நேரம், மொதலாளி பானெட்டைத் தெறந்தா கண்ணு கூசோணும்னு பொங்கியண்ணன் கார்பரேட்டருக்கு சில்வர் பெயிண்ட் அடிச்சான். ஓட்டையை அடைக்காம அடிச்சான். பெட்ரோல் போற ஜெட்டு பூராவும் பெயிண்ட் எறங்கி, காலையில செல்ஃப் அடிச்சா ஜீப்பு ஒரு இருமல்கூட இருமல.

"எவ்வளவு நேரமாகும் மாப்ளே?"

"நாப்பது நிமிசம். யாரும் உள்ள வரக் கூடாது. இது இப்பிடிக் கெடக்கறதைப் பாத்தாருன்னா காரைத் திருப்பிருவாரு."

"நாப்பது நிமிசந்தான?" பொங்கியண்ணன் வேட்டியை அவுத்துக் கட்டினான். "பெயிண்ட் அடிச்சது நானு. மீதியையும் நானே அடிச்சர்றேன்."

தார்ப்பாயை எறக்கி விட்டுட்டு அவன் வெளிய போனான். திருமூர்த்தி ஒத்தை ஒயரை எடுத்து ஜெட்டு ஓட்டைக்குள்ள விட்டான்.

வெளிய தகரக் கொட்டாயில மூணு பேர். நாற்காலியில மொதலாளி. பக்கத்துல, யோசனை கேக்கறதுக்காக அவரு கூட்டிட்டு வந்த அருளானந்தம், ஏர்போர்ஸ்ல சார்ஜன்ட்டா இருந்து ரிட்டையரானவரு, மடியில நோட்டு. தூணுல சாஞ்சு டிரைவர் மருதாசலம்.

"ஜீப்பு எங்கப்பா?"

"உள்ள கண்ணசந்திருக்குதுங்க. ஐயா ஒரு டீ குடிங்க. சண்டைக்கால வண்டியை வெடுக்குனு எழுப்பக் கூடாதுங்க. அந்த லாரியில நான் பட்டது போதும்."

"எந்த லாரி?"

"தாராபுரத்துப் பக்கம் ஒரு மிலிட்டரி லாரிங்க. சண்டை முடிஞ்ச அன்னிக்கு நிறுத்திட்டுப் போனவன் திரும்பவே இல்ல. எஞ்சினுக்குள்ள ஒரு புளியமரம் மொளைச்சுப் போச்சு. வேரு கியர் பாக்ஸ் வரைக்கும் எறங்கிருச்சு. மரத்தை வெட்டலாம்னா, புறம்போக்கு மரம் வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. சரி போ, மரத்தோட ஒட்டுக்கா ரெடி பண்ணிட்டனுங்க."

மருதாசலம் சிரிச்சான். "மரத்தை வெச்சுட்டு ரோடு எப்பிடிங்க தெரியும்?"

"கெளையை வெலக்கிட்டு ஓட்டோணும். ஆனா ஒண்ணுங்க, எங்க நிறுத்துனாலும் நெழலு. ஆக்சிலேட்டரை மிதிச்சா புளியம்பழம் கொட்டும். ஆர்.டி.ஓ. மறிச்சாரு. சுத்திச் சுத்திப் பாத்துட்டு, இது வெவசாயம், எங்க டிபார்ட்மென்ட்டு இல்லைன்னுட்டாரு. வெவசாய ஆபீஸ்ல, மரம் நகருது, வனத்துறைக்குப் போன்னாங்க. வனத்துறைக்காரங்கதான் வந்து மரத்துக்கு நம்பர் போட்டாங்க. அந்த நம்பர்லதான் லாரி இன்னிக்கும் ஓடுது."

உள்ள திருமூர்த்திக்கு அந்த லாரி நல்லா ஞாபகம் இருந்துச்சு. ரேடியேட்டர் கம்பியில ஒரு புளியங்குச்சி மாட்டியிருந்தது. இழுத்துப் போட்டான். அரை நிமிச வேலை.

"நான் இருபது வருசம் சர்வீஸ்" அருளானந்தம் நோட்டை மூடினாரு. "ப்ளேனைக் கழட்டி மாட்டின கை இது. எங்கிட்ட அளவாப் பேசுங்க."

"அளவு நீங்களே போட்டுக்குங்க சார். நான் நடந்ததை மட்டுந்தான் சொல்றேன். சண்டைக்கால பீரங்கி டேங்க் ஒண்ணு ரெடி பண்ணனுங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணதும் கெழக்காலயே போகுது. எந்தப் பக்கம் திருப்புனாலும் கெழக்கு. ஏன்னா அந்தக் காலத்துல அதுக்குப் போட்ட ஆர்டர், பர்மாவுக்குப் போகோணும். சண்டை முடிஞ்சதை அதுக்கு யாரும் சொல்லல."

"டேங்க்குகிட்ட யாருய்யா சொல்லுவாங்க?"

"நான் சொன்னனுங்க. கேக்கல. மில்லு சுவரு ஒண்ணு, கல்யாண மண்டபம் ஒண்ணு, எல்லாத்தையும் கும்புட்டுட்டு நடுவால பூந்து போகுது. சூலூர் தாண்டிருச்சு. அப்பறம் ரிட்டையர்டு தாசில்தார் ஒருத்தரைக் கூட்டிட்டு ஓடி, சண்டை முடிஞ்சுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, ரவுண்டு சீலு குத்திக் காட்டினோம். நின்னுச்சா? நிக்கல. சீலு மேல கையெழுத்து இல்லீங்க. தாசில்தார் ஓட்டமா ஓடிட்டே கையெழுத்துப் போட்டாரு. படக்குனு நின்னுருச்சு. ஒழுங்குன்னா அது ஒழுங்கு."

மொதலாளி மொத வாய் டீயை அப்பத்தான் குடிச்சாரு. மருதாசலம் தூணை விட்டுக் கொஞ்சம் கிட்ட வந்திருந்தான். உண்மையில அந்த டேங்க், ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்த டிராக்டர். திருமூர்த்தி ஜெட்டை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். ஓட்டை இன்னும் பாதிதான் தெரிஞ்சுச்சு. பத்து மணி அஞ்சு நிமிசம்.

வெளிய பொங்கியண்ணன் ஏரோப்ளேனுக்கு வந்துட்டான்.

"போர் விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கறதுதாங்க கஷ்டம். எதிரி கண்ணுக்குத் தெரியக் கூடாதுல்ல? நான் அடிச்ச அடியில, அடிச்சு முடிச்சுத் திரும்பிப் பாக்கறேன், ஏரோப்ளேனைக் காணோம். எட்டு மாசம் தேடினோம். அப்பறம் பாத்தா, எங்க கோழி ஒண்ணு ஆகாசத்துல ஏழடி ஒசரத்துல ஒக்காந்து அடைகாக்குது. ஏணி போட்டு ஏறித் தடவிப் பாத்தா, றெக்கை!"

"கோழிக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?" அருளானந்தம் கேட்டாரு.

"கோழி எதிரி இல்லீங்களே சார்."

மிச்சப் பெயிண்டை வீட்டுச் சுவத்துல அடிச்சதாகவும், போஸ்ட்மேன் ரெண்டு வருசமா வீட்டைத் தேடிட்டிருக்கறதாகவும் சொன்னான். அப்பத்தான் மொதலாளி டம்ளரைக் கீழ வெச்சு எந்திரிச்சாரு.

"போதும்யா. மணி பத்தே காலாச்சு. ஜீப்பைக் காட்டு."

தார்ப்பாய்க்குக் கீழ சந்துல அவரோட வெள்ளைச் செருப்பு வர்றதை திருமூர்த்தி பாத்தான். கார்பரேட்டர்ல ஒம்பது துண்டு இன்னும் பேப்பர் மேல இருந்துச்சு. செருப்பு நாலடி தூரத்துல. மூணடி. மொதலாளி கை தார்ப்பாயைப் பிடிச்சிருச்சு.

"ஐயா" பொங்கியண்ணன் குரல் அலட்டாம வந்துச்சு. "ஏரோப்ளேன்ல பறந்துட்டிருக்கறப்ப கரண்ட் போன விசயத்தை உங்ககிட்டச் சொல்லியிருக்கனுங்களா?"

செருப்பு நின்னுச்சு.

"ஏரோப்ளேனுக்கு எதுக்குய்யா கரண்டு?"

செருப்பு திரும்பிருச்சு. திருமூர்த்தி மூச்சு விட்டுட்டு அடுத்த துண்டை எடுத்தான்.

"அதுலயும் எஞ்சின் இல்லீங்க, உங்களுது மாதிரியே. நம்ம ஊர்ல எஞ்சினுக்கு எங்க போறது? மோட்டாருக்குப் பஞ்சமா? பாஞ்சு எச்.பி. போர்வெல் மோட்டாரை மாட்டி விட்டேன். த்ரீ பேஸ். பின்னால ஒயர் டிரம்மு. ஏரோப்ளேன் போகப் போக ஒயரு அவுந்துட்டே வரும். காலையில எட்டரைக்குக் கெளம்பி, பழனி மலையை எடது கைப் பக்கம் விட்டுட்டுப் போறேன்..."

"வோல்டேஜ் டிராப் ஆகுமே?" அருளானந்தம் கேட்டாரு. கேட்டதுக்கப்பறம் ஏன் கேட்டோம்னு அவருக்கே வெக்கமாப் போச்சு.

"ஆகும்ல சார்? அதுக்குத்தான் மைலுக்கு ஒரு பனைமரத்துல ஸ்டெபிலைசர் கட்டியிருந்தேன். எல்லாம் கரெக்ட்டு. ஒண்ணை மறந்துட்டேன். அன்னிக்கு மாசாந்திர பராமரிப்பு. ஒம்பது மணிக்கு டக்குனு கரண்ட் போச்சு."

"விழுந்துட்டீங்களா?" மருதாசலம் வாயைப் பொளந்தான்.

"விழறதுக்கும் மோட்டாரு ஓடோணுமில்ல? இருந்த எடத்துல நின்னுருச்சு."

"அதெப்பிடிய்யா நிக்கும்!" அருளானந்தம் கத்தினாரு.

"நிக்குமுங்க சார்" மருதாசலம் சொன்னான். "எங்க வீட்டு கிரைண்டரு அப்பிடித்தான். கரண்ட் போனா மாவு பாதியில நின்னுரும். மேலயும் போகாது, கீழயும் போகாது."

"கேட்டுக்குங்க. நடுவானத்துல ஒக்காந்திருக்கேன். மேகம் வந்து ஒரசுது, கையில தள்ளி விடறேன். பின்னாலயே மெட்ராஸ் ஏரோப்ளேன் வந்து ஹாரன் அடிக்கறான். ஜன்னலைத் தெறந்து, ஓரமா நிறுத்துய்யாங்கறான். கரண்ட் இல்லீங்கன்னேன். நல்ல மனுசன். நாலு பயணிகளோட எறங்கி வந்து தள்ளிக் குடுத்தான்."

"எறங்கி எதுமேலய்யா நின்னான்?"

"அவனோட றெக்கை மேலதான். அடுத்தவன் றெக்கை மேல நிக்கற ஆளு இல்லீங்க அவன். தள்ளிட்டே இருக்கறாங்க, மணி ரெண்டு..."

பட். பட பட. பட பட படன்னு ஜீப்பு எந்திரிச்சிருச்சு. கொட்டாய் தகரம் அதிர்ந்துச்சு, நீலப் பொகை தார்ப்பாயைத் தூக்கிட்டு வெளிய வந்துச்சு. மணி பத்து இருபத்திரெண்டு. திருமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு அப்பிடியே நின்னான். மூணு மாச ஒழைப்பு, ஒவ்வொரு வெடிச் சத்தமும் அவன் நெஞ்சுல இனிச்சுச்சு.

"ஏய்! யாரது?" வெளிய மொதலாளி கத்தறது கேட்டுச்சு. "அதை நிறுத்துய்யா! ஒண்ணும் கேக்கல!"

திருமூர்த்தி தார்ப்பாயை வெலக்கினான். "ஐயா, ஜீப்புங்க. ஓடுதுங்க."

"ஓடுது, தெரியுது. நிறுத்து மொதல்ல. கரண்ட் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

நிறுத்தினான். பொங்கியண்ணன், "ரெண்டு மணிக்குங்க. வந்ததும் எறங்கிட்டேன்" அப்படீன்னான்.

அருளானந்தம் எந்திரிச்சாரு. "மொதலாளி, ஜீப்பு ஓடுது, ஒத்துக்கறேன். ஆனா இந்த ஆளு வாயில வந்தது பூராவும் புளுகு. இவங்க கையில போர் விமானத்தைக் குடுத்தா, நாளைக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டா இப்பிடித்தான் பதில் வரும். பெங்களூர்க்காரங்களே தேவலை."

மொதலாளி மொகம் சுருங்கிருச்சு. பொங்கியண்ணனைப் பாத்தாரு. பொங்கியண்ணன் பொறந்ததுல இருந்து மொதத் தடவையா வாயை மூடிட்டுக் காலைப் பாத்தான்.

"திருமூர்த்தி, இங்க வா. நீ பொய் சொல்ல மாட்டே. நீ சொல்றதை வெச்சுத்தான் முடிவு. அன்னிக்குக் கரண்ட் ரெண்டு மணிக்கு வந்துச்சா?"

பத்து இருபத்தேழு. திருமூர்த்தி வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு வெரலாத் தொடைச்சான். மச்சானைப் பாத்தான். காருக்கு அப்பால, மில்லு இருக்கற தெசையைப் பாத்தான். அவசரமே படல.

"இல்லீங்க."

பொங்கியண்ணன் கண்ணை மூடிட்டான்.

"ரெண்டே காலுங்க" திருமூர்த்தி சொன்னான். "நாந்தான் கீழ ஒயரைப் புடிச்சுட்டு நின்னேன். மச்சான் இப்பிடித்தானுங்க, எதையுமே சரியாச் சொல்ல மாட்டாரு."

மொதலாளி தொடையில ஒரு தட்டுத் தட்டினாரு. "பாத்தீங்களா சார்? கால் மணி நேரங்கூட விட்டுத் தராத ஆளு. இவனை நம்பாம யாரை நம்பறது? திருமூர்த்தி, திங்கக்கெழமை ஏரோப்ளேன் இங்க வந்து எறங்கும்."

ராகுகாலத்துக்கு ஒரு நிமிசம் இருக்கறப்பக் கார்ல ஏறிட்டாரு. காரு கேட்டுக்கிட்டப் போயி நின்னு, கண்ணாடி எறங்குச்சு.

"சும்மா வாசல்ல நிக்க வெக்கலாம்னுதான்யா இருந்தேன். எதுக்கு நிக்க வெக்கோணும்? விழா அன்னிக்கு நானே ஏறிக்கறேன். த்ரீ பேஸ் லைன் மில்லுல இருந்து இழுத்துக்கோ. மருதாசலம், அன்னிக்குப் பராமரிப்பு இருக்குதான்னு ஈ.பி. ஆபீஸ்ல இப்பவே கேட்டு வெச்சிரு. எனக்கு ரெண்டே கால் வரைக்கும் பசி தாங்காது."